ஒரு மக்களின் பெயர் அடிமையின் பெயரான வரலாறு

ஆங்கில அகராதியொன்றையும் பிரெஞ்சு அகராதியொன்றையும் அருகருகே விரித்து வைப்போம். இரண்டிலும் ஒரே ஐந்து எழுத்துக்களால் எழுதப்படும் சொல்லொன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை 'ஸ்லேவ்' என்று ஒலிப்பர். பிரெஞ்சுக்காரர் 'ஸ்லாவ்' என்று ஒலிப்பர். ஆங்கில அகராதி அச்சொல்லுக்கு 'அடிமை' என்று பொருள் தருகிறது. பிரெஞ்சு அகராதியோ, ருசியர், உக்ரேனியர், போலந்தினர், செக்கர், சேர்பியர், பல்கேரியர் முதலிய மக்களுக்குரிய பொதுப்பெயர் அது என்று கூறுகிறது. எழுத்து ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் அடிமையையும் மற்றோரிடத்தில் ஒரு பெரும் மக்கட் கூட்டத்தையும் அது குறிப்பது எங்ஙனம்?

இதனைத் தற்செயலென்று தள்ளிவிட முடியாது. அடிமையைக் குறிக்கும் சொல் பிரெஞ்சில் 'எஸ்கிளாவ்', ஸ்பானியத்தில் 'எஸ்கிளாவோ', போர்த்துக்கேயத்தில் 'எஸ்கிராவோ', இத்தாலியத்தில் 'ஸ்கியாவோ', ஜெர்மனில் 'ஸ்கிளாவ', ஒல்லாந்தர் மொழியில் 'ஸ்லாஃப்', இக்காலக் கிரேக்கத்தில் 'ஸ்கிளாவொஸ்'. இவை யாவும் ஒரே சொல்லின் வேறுவேறு வடிவங்கள். ஸ்பானியத்தில் ஸ்லாவியன் 'எஸ்லாவோ' எனப்படுகிறான். அப்பெயரின் நடுவே ஒரு ககர ஒலி புகுந்துவிட்டால் அவன் அடிமையாகிவிடுகிறான். ஜெர்மனிலும் 'ஸ்லாவ', 'ஸ்கிளாவ' என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் ஒலியே. சுவீடிய மொழியிலோ அவ்வேறுபாடும் இல்லை. இரு பொருளுக்கும் ஒரே சொல் வழங்குகிறது.

மேற்கு ஐரோப்பாவின் மொழிகளிற் பல, அடிமை என்ற கருத்தை வெளியிட ஒரு மக்களின் பெயரையே எடுத்துக்கொண்டுள்ளன என்பது இதிலிருந்து புலனாகும். சொற்பிறப்பை ஆராய்வது மொழிப்புலவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவார் உளர். ஆனால் இச்சொல் எப்போது பிறந்தது, எந்தச் சந்தைகளில் வளர்ந்தது, யார் வாயிலிருந்து யார் தலைமீது விழுந்தது என்பவற்றை நோக்குமிடத்து, ஆயிரம் ஆண்டுக் காலச் சமுதாய வரலாறே நம் கண்முன் விரிகிறது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களையே இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

பழைய சொல் ஏன் போதவில்லை?

அடிமைமுறை ஐரோப்பாவுக்குப் புதியதன்று. கிரேக்கரும் உரோமரும் தம் நாகரிகத்தின் பெரும்பகுதியை அடிமை உழைப்பின்மீதே எழுப்பினர். அடிமையைக் கிரேக்கர் 'தூலொஸ்' என்றும் உரோமர் 'செர்வுஸ்' என்றும் வழங்கினர். சில மனிதர் இயற்கையாகவே அடிமைகளாகப் பிறக்கின்றனர் என்று அரிஸ்தோத்தில் தமது 'அரசியல்' நூலில் வாதித்தார். அடிமையை உயிருள்ள கருவி என்று அவர் வருணித்தார். உரோமப் புலவரான வர்ரோ, வேளாண்மை பற்றி எழுதியபோது, பண்ணைக் கருவிகளை மூவகையாகப் பகுத்தார். ஏரும் வண்டியும் ஊமைக் கருவிகள். எருது அரைகுறையாக ஒலிக்கும் கருவி. அடிமை பேசும் கருவி. ஆளும் வர்க்கத்தின் சிந்தனை இதனினும் வெளிப்படையாக வெளிவருதல் அரிது.

இத்துணைப் பழைய சொற்கள் இருக்கவும், இடைக்காலத்தில் புதிய சொல்லொன்று ஏன் தேவைப்பட்டது? விடை பொருளாதார மாற்றத்தில் இருக்கிறது. உரோமப் பேரரசு சிதைந்தபின், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, மேற்கு ஐரோப்பாவின் உழைப்பாளி படிப்படியாக நிலத்தோடு பிணைக்கப்பட்டவனானான். அவனுக்குக் குடிசையும் சிறு துண்டு நிலமும் குடும்பமும் இருந்தன. பிரபுவின் நிலத்தில் கட்டாய வேலை செய்தான்; நிலத்தை விட்டு நீங்கும் உரிமை அவனுக்கில்லை. ஆயினும் மாட்டைப்போல அவனைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்பது வழக்கமன்று. 'செர்வுஸ்' என்னும் பழைய சொல் இந்தப் புதிய மனிதனுக்கு உரியதாயிற்று. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் 'சேர்ஃப்' என்பது அதுவே. நாம் பண்ணையடிமை என்கிறோம்.

இந்நிலையில், தூரதேசத்திலிருந்து கயிற்றிற் கட்டிக் கொணரப்பட்டு, விலைகூறி விற்கப்படும் மனிதனைக் குறிக்கச் சொல் இல்லாமற் போயிற்று. சொல் இல்லையே யொழிய, அத்தகைய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுள் மிகப் பலர் ஒரே திசையிலிருந்து வந்தார்கள்.

சொல்லுடையோர்

6ஆம் நூற்றாண்டிலே தன்யூப் ஆற்றின் வடகரையிலிருந்து புதிய மக்கட் கூட்டங்கள் கிழக்கு உரோமப் பேரரசின் எல்லைக்குள் நுழைந்தன. அவர்கள் தம்மை 'ஸ்லொவேனெ' என்னும் பெயரால் வழங்கினர். இப்பெயரின் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் 'சொல்' என்று பொருள்படும் 'ஸ்லொவொ' என்பதோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் பலர். அவர்தம் கருத்துப்படி ஸ்லாவியர் என்றால் சொல்லுடையோர், ஒருவர் பேச்சை மற்றவர் விளங்கிக்கொள்வோர் எனப் பொருள்படும். தமக்கு விளங்காத மொழி பேசிய அயலவரான ஜெர்மானியரை அவர்கள் 'ஊமையர்' என்னும் பொருள்தரும் சொல்லால் அழைத்தனர். இன்றுங்கூட ருசியர் ஜெர்மானியனை 'நெமெத்ஸ்' என்றே கூறுவர்.

கிரேக்கமும் இலத்தீனும் பேசியோரின் நாவுக்குச் சொல்லின் முதலில் சகரமும் லகரமும் இணைந்து வருவது பழக்கமற்றது. ஆகவே இடையில் ஒரு ககரத்தைச் செருகி, 'ஸ்கிளாபெனொய்', 'ஸ்கிளாவேனி' என்று அவர்கள் எழுதினர். புரொக்கோப்பியுஸ், யோர்தானெஸ் ஆகிய 6ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களிடத்தில் இவ்வடிவங்களைக் காண்கிறோம். அப்போது இது வெறும் இனப்பெயரே. அடிமை என்ற பொருள் அதில் இல்லை. அயலவன் நாக்குத் திரிபினால் புகுந்த ஒரு ககரமே பிற்காலத்தில் மனிதனையும் பண்டத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடாக மாறப்போகிறது என்று அவ்வாசிரியர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

பொருள் மாற்றம் 10ஆம் நூற்றாண்டளவில் ஜெர்மானிய நாடுகளில் தெரியத் தொடங்குகிறது. 919 முதல் 936 வரை ஆண்ட முதலாம் ஹென்றியும், அவன் மகன் ஒட்டோவும் எல்பெ ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியர்மீது தொடர்ந்து படையெடுத்தனர். பிடிபட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மேற்கு நோக்கி ஓட்டிச் செல்லப்பட்டனர். சாசனங்களில் 'ஸ்கிளாவுஸ்' என்பது ஸ்லாவியனையும் குறித்தது. விலைக்குக் கிடைக்கும் மனிதனையும் குறித்தது. இச்சொல்லுக்குக் கொள்ளைப் பொருள் என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லொன்றே மூலமென வாதிப்போரும் உளர். ஆயினும் மக்கட் பெயரே மூலம் என்பது பெரும்பாலோர் முடிவு. சந்தைகளின் வரலாறும் அம்முடிவையே வலியுறுத்துகிறது.

சந்தையும் சமயமும்

அச்சந்தைகளுள் சிலவற்றை நோக்குவோம். 965ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் தொர்த்தோசா நகரிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்குச் சென்ற இப்ராகிம் இப்னு யாக்கூப் என்னும் பயணி, பிராக் நகரைப் பெரும் வாணிகத் தலமெனக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து வெளியே சென்ற பண்டங்களுள் அடிமைகளும் தகரமும் மென்மயிர்த் தோல்களும் அடங்கும். அதே நூற்றாண்டில் கிரெமோனா நகர ஆயரான லியுத்பிராந்த், வேர்துன் நகரத்து வணிகர் சிறுவர்களை விதையடித்து ஸ்பெயினுக்கு விற்றுப் பேரிலாபம் ஈட்டியதை எழுதிவைத்துள்ளார்.

ஸ்பெயினில் அக்காலத்தில் ஆட்சிபுரிந்தது கோர்தோவா கலீபாக்களின் அரசு. அராபியர் ஸ்லாவியரைச் 'சக்காலிபா' என அழைத்தனர். அச்சொல்லும் விரைவில் இரட்டைப் பொருள் பெற்றது. வடதிசையிலிருந்து வாங்கப்பட்ட வெள்ளைநிற அடிமை எவனும் அப்பெயராலேயே சுட்டப்பட்டான். அரண்மனைக் காவலிலும் படையிலும் சக்காலிபா பலர் இருந்தனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா ஆட்சி நிலைகுலைந்தபோது, அவர்களுட் சிலர் அல்மேரியா, தேனியா ஆகிய நகரங்களில் தாமே அரசராயினர். அடிமைத்தனம் பிறவிக் குணமென்று கூறுவோர் இச்செய்தியை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஸ்லாவியரே ஏன் இவ்வாறு வேட்டையாடப்பட்டனர்? அவர்கள் வீரத்திற் குறைந்தவரல்லர், அறிவிற் குறைந்தவருமல்லர். காரணங்கள் மூன்று. முதலாவது, அன்றைய மேற்கு ஐரோப்பாவிடம் செல்வம் மிக்க தென்னாட்டுச் சந்தைகளுக்கு விற்கத்தக்க பண்டங்கள் மிகச் சிலவே. பட்டும் நறுமணப் பொருளும் வெள்ளியும் வேண்டின், மாற்றாகக் கொடுக்க மனிதர் இருந்தனர். இரண்டாவது, கிறித்தவரைப் பிற சமயத்தாருக்கு விற்பதைத் திருச்சபை கண்டித்தது. வெனிஸ் நகரத்தார் 840இல் பேரரசன் லொத்தாரோடு செய்த உடன்படிக்கையிலும் அவனுடைய கிறித்தவக் குடிகளை விற்பதில்லை என்ற வாக்குறுதி இடம்பெற்றது. திருமுழுக்குப் பெறாத மனிதனைப் பற்றி அத்தகைய தடையில்லை; ஸ்லாவியருட் பெரும்பாலோர் அன்று திருமுழுக்குப் பெறாதவர். மூன்றாவது, ஸ்லாவியரிடையேயும் தலைவர்கள் தோன்றிவிட்டனர். அயற்குலத்தாரையும், சிலவேளை தம் குலத்தாரையும் பிடித்து விற்பது அத்தலைவர்களின் கருவூலத்தை நிரப்பிற்று. விற்றவனும் விற்கப்பட்டவனும் ஒரே மொழி பேசியோராயினும் ஒரே வர்க்கத்தினர் அல்லர்.

போலந்தின் கினியெஸ்னோ நகரப் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலக் கதவுகள் இரண்டு இன்றும் உள்ளன. பிராக் நகர ஆயரான அதல்பெர்த்தின் வாழ்க்கை அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு காட்சியில், விற்கப்படவிருக்கும் அடிமைகளுக்காக அவர் சிற்றரசனிடம் மன்றாடி நிற்கிறார். அடிமைகளின் கைகால்கள் பிணைக்கப்பட்டுள்ளன. அவர்கள் எழுதிவைத்த வரி ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களை நாம் நேரிற் காண்பது இத்தகைய சிற்பங்களிலேதான்.

பெயர் மக்களை விட்டுப் பிரிதல்

மொராவியாவுக்கு 863இல் கிறித்தவத் தூதர் வந்தனர். போலந்து 966இலும், கீவ் 988இலும் கிறித்தவத்தைத் தழுவின. ஸ்லாவியர் திருச்சபைக்குள் வர வர, வேட்டைக்களம் கிழக்கே நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஜெனோவா நகர வணிகர் கிரீமியாவின் காஃபா துறைமுகத்திலும், பின்னர் வெனிஸ் நகர வணிகர் தொன் ஆற்று முகத்திலுள்ள தானாவிலும் தளம் அமைத்தனர். அங்கே தாத்தாரியரும் சேர்க்காசியரும் ருசியரும் விலைக்குக் கிடைத்தனர்.

1348இன் கொள்ளைநோய் இத்தாலிய நகரங்களைச் சூறையாடியது. உழைக்கும் கைகள் அருகின, கூலி உயர்ந்தது. கூலியுயர்வைத் தாங்க விரும்பாத செல்வர்களுக்கு அடிமைகள் வேண்டியவராயினர். கிறித்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்யப் புளோரன்ஸ் நகர ஆட்சியினர் 1363இல் இசைவளித்தனர். அவ்வாறு வந்தவருட் பெரும்பாலோர் தாத்தாரியர். அவருள்ளும் பெண்களும் சிறுமிகளுமே மிகுதி. மறுமலர்ச்சிக் கலையின் தாயகமெனப் போற்றப்படும் நகரங்களின் அடுக்களைகளில் வேலை செய்தோர் அவர்களே.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய மொழிச் செய்தி ஒன்றுண்டு. இத்தாலியர் இத்தாத்தாரியப் பெண்ணையும் 'ஸ்கியாவா' என்றே அழைத்தனர். அவள் ஸ்லாவியப் பெண் அல்லள். ஸ்லாவிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவள். ஆயினும் விற்கப்பட்டவள் என்பதால் ஸ்லாவியரின் பெயர் அவளுக்கு இடப்பட்டது. பெயர் மக்களை விட்டுப் பிரிந்து, ஒரு நிலைமையின் பெயராக முற்றும் மாறிவிட்டதை இது காட்டுகிறது. அதேவேளை வெனிஸ் நகரத்துக் கடலோர வீதியொன்று 'ரீவா தெலி ஸ்கியாவோனி' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அது அடிமைகளின் கரையன்று. தல்மாத்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த ஸ்லாவியரின் கரை. ஒரே நகரத்தில் ஒரே சொல்லடி, வணிகனுக்கும் பெயராயிற்று, வாங்கப்பட்டவளுக்கும் பெயராயிற்று.

இத்தாலியர் இன்று சந்திக்கும்போதும் பிரியும்போதும் கூறும் 'சாவ்' என்னும் முகமனும் இச்சொல்லின் வழிவந்ததே. 'உங்கள் அடிமை' என்னும் பொருளில் வெனிஸ் மக்கள் வழங்கிய தொடர் குறுகி அவ்வாறாயிற்று. நம்மவர் பணிவு தோன்ற 'அடியேன்' என்பது போன்றதே இது. உலகெங்கும் இளைஞர் மகிழ்ச்சியோடு கூவும் இச்சிறு சொல்லினுள் கருங்கடற் சந்தையின் எதிரொலி இருப்பதை உணர்வார் சிலரே.

இவ்வணிகத்தை எதிர்த்த குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. அத்திரியாத்திக் கடற்கரையில், ஸ்லாவியர் சூழ வாழ்ந்த ரகூசா நகரக் குடியரசு, 1416இல் அடிமை வாணிகத்தைத் தன் குடிகளுக்குத் தடைசெய்தது. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் நகரம் அது. ஐரோப்பாவில் மிக முந்திய தடைகளுள் இஃதொன்று.

நிறம் புகுந்த கதை

1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் துருக்கியர் வசமாயிற்று. 1475இல் காஃபாவும் வீழ்ந்தது. இத்தாலிய வணிகருக்குக் கருங்கடலின் வாயில் அடைபட்டது. ஆனால் வேறொரு வாயில் அதற்கு முன்னரே திறந்துவிட்டது. 1444ஆம் ஆண்டு ஆகத்து மாதம் போர்த்துக்கலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆபிரிக்கர் கரையிறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டனர். தாயும் பிள்ளையும் வெவ்வேறு பங்கிற் பிரிக்கப்பட்டபோது எழுந்த அழுகுரலை அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே பதிவுசெய்துள்ளார். 'எஸ்கிராவோ' என்னும் சொல், எல்பெக் கரையில் பிறந்த அதே சொல், இப்போது கருநிற மனிதர்மீது விழுந்தது.

மதேய்ராத் தீவிலும் சாவோ தோமேயிலும் தொடங்கிய கரும்புத் தோட்டங்கள் பிரேசிலுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் பரவின. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் ஆபிரிக்கர் அத்திலாந்திக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1 கோடி 7 இலட்சம் பேரே உயிரோடு கரையேறினர் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுவர். எஞ்சியோர் கடலுக்கு இரையாயினர்.

இப்பெருங்கொடுமைக்குத் தத்துவம் தேவைப்பட்டது. 1550இல் வல்லதோலித் நகரில் அமெரிக்கப் பழங்குடியினரை அடக்குவது நியாயமா என்ற வாதம் நிகழ்ந்தபோது, செபுல்வேதா என்னும் அறிஞர் அரிஸ்தோத்திலின் 'இயற்கை அடிமை' என்ற கருத்தையே துணைக்கழைத்தார். லாஸ் காசாஸ் பாதிரியார் அவரை மறுத்து நின்றார். பிற்காலத்தில் தோட்ட முதலாளிகளும் அவர்தம் எழுத்தாளரும் அதே கருத்துக்குத் தோல்நிறத்தை ஆதாரமாக்கினர். கருநிறத்தவன் அடிமையாகவே பிறந்தவன் என்று அவர்கள் எழுதினர். எழுதும்போது அவர்கள் பயன்படுத்திய சொல்லோ, வெளிறிய தோலும் பொன்னிற மயிரும் உடைய வடநாட்டாரின் பெயர்! தம் கொள்கையின் பொய்மையைத் தம் சொல்லே சுமந்து நிற்பதை அவர்கள் அறியவில்லை.

பிற மொழிகளின் சாட்சியம்

மக்களின் பெயர் அடிமையின் பெயராவது ஸ்லாவியருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் 'வேல்ஹ்' என்னும் சொல் முதலில் அந்நியனையும், பின்னர் பிரித்தானியத் தீவின் பழங்குடியான கெல்த்தியனையும் குறித்தது. ஆங்கிலோ-சாக்சனியர் அவர்களை வென்று அடிமைகொண்டபின், அச்சொல்லே அடிமை என்ற பொருளையும் ஏற்றது. வேல்சு நாட்டின் ஆங்கிலப் பெயர் அச்சொல்லிலிருந்து வந்ததே.

இதனினும் வியப்புக்குரியது பின்லாந்து மொழி தரும் சான்று. அம்மொழியில் அடிமை 'ஒர்யா' எனப்படுவான். பண்டைய இந்தோ-இரானிய மக்களிடமிருந்து பெறப்பட்ட 'ஆரிய' என்னும் சொல்லே இதுவென மொழியியலாருட் பலர் கருதுகின்றனர். போரிற் பிடிபட்ட ஆரியர் பின்லாந்து மக்களின் முன்னோரிடம் அடிமைகளாக இருந்தனர் போலும். 'ஆரியன்' என்றால் ஆளப்பிறந்தவன் என்று எத்தனை நூல்கள் எழுதப்பட்டுள்ளன! வடநாட்டு மொழியொன்றில் அதே சொல் அடிமை என்று பொருள்படுகிறது.

ஸ்லாவியரோ அடிமைக்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. போலந்து மொழியில் அடிமை 'நியெவோல்னிக்', அதாவது விருப்புரிமை அற்றவன். பழைய ஸ்லாவியத்தில் 'ராப்' என்பது அடிமை. இச்சொல்லின் உறவான 'ரொபொத்தா' செக்கு நாட்டில் குடியானவன் பிரபுவுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. 1848 புரட்சியின் விளைவாக அக்கட்டாய உழைப்பு ஆஸ்திரியப் பேரரசில் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. 1920இல் செக்கு எழுத்தாளர் காரெல் சாப்பெக் தமது நாடகமொன்றில், மனிதருக்குப் பதிலாக உழைக்கச் செய்யப்பட்ட செயற்கை உயிர்களுக்குப் பெயர் தேடியபோது, அவருடைய சகோதரர் யோசெப் கூறிய சொல் 'ரொபொட்'. இன்று இயந்திர மனிதனை உலகமெல்லாம் அச்சொல்லாலேயே அழைக்கிறது. அந்நாடகத்தில் ரொபொட்டுகள் இறுதியிற் கிளர்ந்தெழுகின்றன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது நாம் பெறும் முடிவு தெளிவானது. ஜெர்மானியனிடத்தில் ஸ்லாவியன் அடிமை. சாக்சனியனிடத்தில் கெல்த்தியன் அடிமை. பின்லாந்தினன் முன்னோரிடத்தில் ஆரியன் அடிமை. அடிமைத்தனம் குருதியில் இருந்திருப்பின் இத்தனை மக்களும் எவ்வாறு அடிமையின் உருவாக முடியும்? யார் பிடித்தார், யார் பிடிபட்டார் என்பதையே சொல் கூறுகிறது. பிடிபட்டவனின் குணத்தை அது கூறவில்லை.

சொல் பிறந்த இடத்துக்கு மீளல்

இந்த உண்மையை மறைக்க முயன்றதன் விளைவைச் சென்ற நூற்றாண்டில் ஐரோப்பா கண்டது. ஸ்லாவியரைத் தாழ்ந்த மனிதர் என்று கூறிய நாசிகள், அவர்தம் நாடுகளைக் கைப்பற்றி, மக்களைச் சுரங்கங்களுக்கும் ஆயுதச்சாலைகளுக்கும் பண்ணைகளுக்கும் ஓட்டிச் சென்றனர். 1940 முதல் ஜெர்மனியில் வேலைசெய்த போலந்தினர் தம் உடையில் 'பி' என்ற எழுத்தை அணியவேண்டியவராயினர். சோவியத் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 'கிழக்கு' என்று பொருள்படும் 'ஒஸ்த்' அடையாளத்தை அணிந்தனர். ஆயிரம் ஆண்டுகளின்பின் ஸ்லாவியர் அதே மேற்குப் பாதையில் நடத்தப்பட்டனர். 1946இல் நூரெம்பேர்க் நீதிமன்றம் இக்குற்றத்துக்கு இட்ட பெயர் அடிமை உழைப்பு என்பதே. அத்தீர்ப்பின் ஆங்கில வாசகத்தில், ஸ்லாவியரின் பெயர் ஸ்லாவியருக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் பெயராக மீண்டும் எழுதப்பட்டது.

இதற்கு மாறான காட்சியொன்றும் வரலாற்றில் உண்டு. 1791இல் பிரெஞ்சுக் குடியேற்றமான சாந்தொமிங்குத் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை மீண்டும் விலங்கிட நெப்போலியன் அனுப்பிய படைகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து வீரர் இருந்தனர். தம் நாடு மூன்று பேரரசுகளாற் பங்கிடப்பட்டமையால் நாடிழந்தவர்கள் அவர்கள். பிரான்சுக்காகப் போரிட்டால் தாய்நாடு மீளும் என்று நம்பியவர்கள். பெரும்பாலோர் மஞ்சட் காய்ச்சலுக்கும் போருக்கும் இரையாயினர். எஞ்சியோருட் சிலர், தம்மைப்போலவே விடுதலைக்காகப் போராடும் மக்களைச் சுடுவதற்கு வந்திருப்பதை உணர்ந்து, எதிர்ப்பக்கம் சேர்ந்தனர். சில நூறு பேர் அங்கேயே தங்கினர்.

1804இல் எயித்தி விடுதலை பெற்றது. 1805ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, வெள்ளையன் எவனும் எசமானாகவோ நில உடைமையாளனாகவோ அந்நாட்டில் கால்வைக்கக் கூடாதென விதித்தது. குடியுரிமை பெற்ற போலந்தினருக்கும் ஜெர்மானியருக்கும் அவ்விதி பொருந்தாதென விலக்களித்தது. அடுத்த விதி, எயித்திக் குடிகள் அனைவரும், எந்நிறத்தவராயினும், கறுப்பர் என்னும் ஒரே பொதுப்பெயரால் அறியப்படுவர் என்றது. அடிமைக்குப் பெயர் தந்த ஸ்லாவியரின் வழித்தோன்றல்களும், அப்பெயரைச் சுமந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும் சட்டத்தின் முன் ஒரே பெயருடையோராயினர். இழிவென்று சுமத்தப்பட்ட நிறப்பெயரைக் குடிமகனின் பெயராக மாற்றிய செயல் அது. பெயரை இட்டது அடக்கியாண்டவன் கை. அதன் பொருளை மாற்றியது போராடியவன் கை.

நம் வாயிலில்

இச்சொல்லின் பயணம் நம் கரையையும் தொட்டது. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, ஒல்லாந்தக் கொம்பனியார் ஆயிரக்கணக்கான மக்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பினர். அவர்களின் பேரேடுகளில் தமிழ்க் குடியானவனும் 'ஸ்லாஃப்' ஆனான். கொழும்பிலே கொம்பனியின் அடிமைகள் இருத்தப்பட்ட பகுதியை ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்னும் பெயரால் வழங்கினர். நாம் அதனைக் கொம்பனித்தெரு என்கிறோம். ஒருவன் அங்கிருந்த அடிமையை நினைத்தான். மற்றவன் அடிமையை வைத்திருந்த கொம்பனியை நினைத்தான்.

ஐரோப்பியர் தம் சொல்லை இங்குக் கொணர்ந்தது மட்டுமன்று. இங்கிருந்தும் ஒரு சொல்லைக் கொண்டுசென்றனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் எழுத்துக்களில் இடம்பெற்று, பின்னர் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ருசியம் முதலிய மொழிகளிற் பரவிய 'பரியா' என்னும் சொல், தமிழகத்துப் பறையர் சமூகத்தின் பெயரே. எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்பது அங்கே அதன் பொருள். உலக அரசுகளால் ஒதுக்கப்பட்ட நாட்டையும் செய்தித்தாள்கள் இன்று அப்பெயரால் சுட்டுகின்றன. எல்பெக் கரையில் ஸ்லாவியருக்கு நேர்ந்ததே காவிரிக் கரையில் உழைத்த மக்களுக்கும் நேர்ந்தது. ஆனால் இதில் அந்நியனை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. அவன் பெயரை மட்டுமே கொண்டுசென்றான்; அப்பெயரில் இழிவை ஏற்றி வைத்தவர் நம்மவரே.

நம் மொழியில் 'அடிமை' என்பது எந்த மக்களின் பெயருமன்று. அடி என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் சொல்லின் தூய்மை நம் சமுதாயத்தின் தூய்மைக்குச் சான்றாகாது. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையாகத் தொகுத்தபோது, சில சாதியினர் அடிமைகளென அதிற் பெயர்குறித்து எழுதப்பட்டனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் அச்சாதியினரின் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கோயிலும் தேநீர்க்கடையும் மூடியே இருந்தன. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேற 1957ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின்னும் கோயில் வாயில்களில் போராட வேண்டியிருந்தது. இன்றும் நம் வீடுகளில் கோபம் வரும்போது வசையாக வாயில் வருவது, பெரும்பாலும் உழைக்கும் சாதியொன்றின் பெயரே.

வகுப்பறையிலே ஆங்கிலச் சொல்லொன்றுக்கு 'அடிமை' எனப் பொருள் எழுதும் மாணவனுக்கு, அது ஒரு மக்களின் பெயர் என்பதையும் ஆசிரியர் சொல்லவேண்டும். சொன்னபின், நம் தெருவில் வசையாக வழங்கும் பெயர்களும் மக்களின் பெயர்களே என்பதை அம்மாணவன் தானே உணர்ந்துகொள்வான். அவ்வுணர்வை அவனிடத்தே எழுப்புவது வரலாறு கற்பிக்கும் நம் கடமைகளுள் முதன்மையானது.